வேலைக்கும் மான் வேட்டைக்கும் ஒரே மடக்குக்கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

மின்வழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்யும் வேலையில் இருக்கிறேன். இந்த ஆண்டு வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்து, துப்பாக்கி உரிமமும் பெற்றுவிட்டேன். நவம்பர் தொடக்கத்தில் பான்க்ரொஃப்ட் பக்கம் நண்பர்கள் இருவருடன் முதன்முறையாக வெண்வால் மான் வேட்டைக்குப் போகவிருக்கிறேன்.

எனக்கு ஒரு நல்ல மடக்குக்கத்தி வேண்டும். ஊரில் அப்பு மடியில் செருகி வைத்திருந்த வில்லுக்கத்தி பாக்கு வெட்டவும் உதவியது, கயிறு அறுக்கவும் உதவியது, ஆட்டுத்தோல் உரிக்கவும் உதவியது. அதுபோல ஒரே கத்தி என் சட்டைப்பையில் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இப்போது வைத்திருப்பது விலை மலிந்த ஒன்று. சென்ற ஆண்டு தடித்த கேபிளின் மேலுறையைக் கீறிக்கொண்டிருந்தபோது அதன் பூட்டு வழுவி, அலகு என் விரல்மேல் மடங்கியது. நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அதனால் இம்முறை விசாரித்து வாங்க விரும்புகிறேன். 150 டொலர் வரை செலவிட முடியும். எந்த உருக்கு நல்லது, எந்தப் பூட்டு நம்பத்தக்கது, அலகின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காட்டுவழி எழுதியது:

வணக்கம் தம்பி. விரல் முழுதாக ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். பரி சவுண்ட் பக்கத்துக் காடுகளில் இருபது பருவங்களுக்கு மேல் வேட்டைக்குப் போயிருக்கிறேன். கத்தியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் மானின் பக்கத்தில் முழங்காலிட்டு அறிந்தவைதான். ஆகையால் உருக்கின் பெயரைப் பார்க்கும் முன், அந்தக் கத்தி அங்கே என்ன செய்யப் போகிறது என்பதை மனத்தில் கொண்டுவாருங்கள்.

மான் விழுந்ததும் முதல் வேலை குடலை அகற்றுவது. உடற்சூடு எவ்வளவு விரைவாக வெளியேறுகிறதோ அவ்வளவுக்கு இறைச்சி நன்றாக இருக்கும். மார்பெலும்பின் அடியில் தோலைச் சிறிதாகத் திறந்து, இடக்கையின் இரு விரல்களை உள்ளே விட்டுத் தோலையும் வயிற்றுச் சவ்வையும் மேலே தூக்கிப் பிடித்து, அந்த இரு விரல்களுக்கு நடுவே கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, வானத்தைப் பார்க்கும்படி வைத்து, இடுப்பு வரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரத்தில் அலகின் நுனி சற்று உள்ளே சாய்ந்தாலும் இரைப்பையோ சிறுநீர்ப்பையோ கிழிந்து இறைச்சி பாழாகும். இதனால்தான் முதுகுப்பக்கம் மெல்லச் சரிந்து நடுக்கோட்டை நோக்கி இறங்கும் நுனியுள்ள அலகை வேட்டைக்காரர்கள் விரும்புகிறார்கள். டிராப் பாயின்ட் என்று கடைகளில் சொல்லும் அந்த வடிவத்தை வேட்டைக் கத்திகளில் பரவச் செய்தவர் அமெரிக்கக் கத்தி வினைஞர் பொப் லவ்லஸ். முதுகு உட்குழிந்து நுனி ஊசிபோல் மேலெழும் கிளிப் பாயின்ட் வடிவம் தோலைத் துளைக்க எளிது. ஆனால் புதியவர் கையில் குடலையும் அதே எளிமையுடன் துளைத்துவிடும்.

நீளம் என்று கேட்டால் 8 முதல் 9.5 சென்ரிமீற்றர் போதும். மார்புக்கூட்டுக்குள் கையை முழங்கை வரை விட்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் மூச்சுக்குழாயை அறுக்க வேண்டியிருக்கும். அப்போது நீண்ட அலகு உங்கள் மற்றக் கையைத்தான் முதலில் தேடும்.

கத்தி விரைவில் மழுங்குவதற்கு இறைச்சியைவிட மயிரும் அதில் ஒட்டியிருக்கும் மண்ணுமே காரணம். தோலை வெளியிலிருந்து உள்நோக்கி அறுத்தால் ஆயிரக்கணக்கான மயிர்களையும் அவற்றோடு மணலையும் அறுக்கிறீர்கள். உள்ளிருந்து வெளிநோக்கி அறுத்தால் மயிர் விலகிக்கொடுக்கும். வாயும் பிழைக்கும், இறைச்சியிலும் மயிர் ஒட்டாது. இந்தப் பழக்கம் ஒன்றே, விலையுயர்ந்த உருக்கு தரும் நன்மையில் பாதியைத் தந்துவிடும் என்பது என் அனுபவம்.

நான் நெடுங்காலமாக வைத்திருப்பது பக் 110. 1964ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருக்கும் கத்தி அது. இன்று சந்தையில் இருக்கும் எத்தனையோ மடக்குக்கத்திகளுக்கு அதுவே முன்மாதிரி. பித்தளை முனைகளும் மரப்பிடியும் கொண்டது, அலகு 9.5 சென்ரிமீற்றர். எடை ஏறத்தாழ 200 கிராம் என்பதால் சட்டைப்பையில் வைக்க முடியாது, இடுப்பு உறையில்தான் வைக்க வேண்டும். அதன் அலகு கிளிப் பாயின்ட் வடிவம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பழகிவிட்டது. பிடியை நைலோனில் செய்த இலகுவான வகையும் அதே நிறுவனத்திடம் உண்டு. அதன் எடை பாதிக்கும் குறைவு.

அச்சுப்பட்டறை எழுதியது:

உருக்கைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கோயம்புத்தூரில் தொடங்கி இப்போது வின்சரில் வார்ப்பு அச்சுகள் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவன். எஃகைக் கடினப்படுத்தியும் தணித்தும் பார்ப்பது என் அன்றாடத் தொழில்.

கத்தி எஃகில் நாம் எதிர்பார்ப்பவை நான்கு: வாய் நாள்பட நிற்க வேண்டும், எளிதில் பெயரக் கூடாது, துருப்பிடிக்கக் கூடாது, மழுங்கினால் எளிதில் தீட்ட வர வேண்டும். இந்த நான்கும் ஒரே எஃகில் உச்சத்தில் கிடைப்பதில்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். பக் நிறுவனம் பயன்படுத்தும் 420எச்சி எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.45 சதவீதம், குரோமியம் 13 சதவீதம். கரிமம் குறைவாக இருப்பதால் அதில் கரிமம் உலோகத்தோடு கூடி உண்டாகும் கடினமான கார்பைடுத் துகள்கள் பெரிதாக அதிகம் உண்டாவதில்லை. வாய் நுண்ணியதாக அமையும், சாதாரண எண்ணெய்க்கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும். ஆனால் தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றல் குறைவு. எஸ்30வி என்பது இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: கரிமம் 1.45 சதவீதம், அதோடு 4 சதவீதம் வனேடியம். வனேடியம் கார்பைடு, அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லை விடவும் கடினமானது. கல் அந்தத் துகளைச் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்குமே தவிர துகளைத் தேய்க்காது. ஆகவே அந்தக் கத்தியை வாங்குபவர் வைரத் தகடும் சேர்த்தே வாங்க வேண்டும்.

டி2 என்ற பெயரைப் பல கத்திகளில் பார்ப்பீர்கள். எங்கள் பட்டறையில் அது நாள்தோறும் புழங்கும் அச்சு எஃகு, கரிமம் 1.5, குரோமியம் 12 சதவீதம். எண்ணைப் பார்த்ததும் துருப்பிடிக்காதது என்று தோன்றும். ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதி கார்பைடுக்குள் அடைபட்டுப் போவதால், துருவிலிருந்து காப்பதற்கு மிஞ்சுவது போதாது. இரத்தமும் வியர்வையும் பட்ட டி2 அலகை ஓரிரவு துடைக்காமல் விட்டால் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும்.

எஃகின் பெயரைவிடவும் அதை எப்படிக் கடினப்படுத்தித் தணித்தார்கள் என்பதே கத்தியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஊரில் கொல்லர் லாரியின் வில் தகட்டை அடித்து அரிவாள் செய்து, துவைச்சல் சரியாக வந்ததா என்று அரத்தால் உரசிப் பார்ப்பாரே, அதே சோதனையைத்தான் நாங்கள் கடினத்தன்மையை எண்ணாக அளக்கும் ராக்வெல் எந்திரத்தில் செய்கிறோம். 420எச்சியை 58 ராக்வெல் அளவுக்குச் சரியாகப் பதப்படுத்திய கத்தி, பெரிய பெயருள்ள எஃகை 55 அளவில் மென்மையாக விட்டுவிட்ட கத்தியை விடச் சிறப்பாக உழைக்கும். பதப்படுத்தலில் நற்பெயர் பெற்ற, கடினத்தன்மையின் எண்ணை வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். எஃகின் பெயரை மட்டும் அலகில் பெரிதாகப் பொறித்து, வேறெதையும் சொல்லாத கத்தியை நான் வாங்க மாட்டேன்.

உங்கள் தேவைக்கு நடுவில் நிற்பது விஜி-10 என்ற ஜப்பானிய எஃகு. கரிமம் 1 சதவீதம், குரோமியம் 15 சதவீதம் அளவில் இருக்கும். வழக்கமாக 60 ராக்வெல் அளவில் பதப்படுத்துகிறார்கள். துருவும் எளிதில் அண்டாது, தீட்டுவதும் கடினமன்று.

பசுங்குடில் எழுதியது:

தம்பி, நான் வேட்டைக்குப் போவதில்லை. லீமிங்டனில் தக்காளிப் பசுமைக்குடில்களில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாள் முழுவதும் ஈரத்தில் கத்தி பிடிப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இரத்தம் படிந்த கையும் ஈரக் கைதான்.

முதலாவது பிடி. பளபளப்பாக மெருகேற்றிய பிடி கடையில் அழகாக இருக்கும். கை நனைந்ததும் மீன்போல் வழுக்கும். சொரசொரப்பான பிடியும், சுட்டுவிரல் அலகை நோக்கிச் சறுக்காமல் தடுக்கும் ஒரு சிறு வளைவும் கட்டாயம் வேண்டும். கையுறை அணிந்துகொண்டு திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள். நவம்பர்க் குளிரில் விரல் மரத்துப்போன பின் நகத்தால் நெம்பித் திறக்கும் கத்தி உங்களைத் தவிக்க வைக்கும்.

இரண்டாவது மரப்பிடி. ஒபினல் 8 எனக்கு மிகவும் பிடித்த கத்தி. 1890இல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் தொடங்கிய அந்தக் கத்தியில், 1955 முதல் திருகிப் பூட்டும் எளிய வளையமும் வந்துவிட்டது. எடை மிகக் குறைவு, அலகு மெல்லியது, பழம் நறுக்கவும் இறைச்சி அரியவும் அதைப்போல் வழுக்கிச் செல்வது வேறில்லை. ஆனால் அதன் பீச் (beech) மரப்பிடி ஈரத்தில் ஊறி உப்பினால் அலகு உள்ளேயே இறுகிக்கொள்ளும். பிடியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துப் பலரும் சமாளிக்கிறார்கள். சாப்பாட்டுப் பெட்டிக்கு அதை வாங்கிக்கொள்ளுங்கள். மழைபெய்யும் காட்டுக்கு வேறு பாருங்கள். அதன் கார்பன் எஃகு வகையைத் தக்காளிச் சாறு ஒரே நாளில் கறுக்கச் செய்துவிடும் என்பதை நான் கண்கூடாகப் பார்த்தவள்.

மின்வழி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்ன கையுறைச் சோதனை எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. ஏணியில் நிற்கும்போது ஒரு கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நண்பர் ஒருவர் ஆக்சிஸ் லாக் உள்ள கத்தியைக் காட்டினார். குறுக்குத் தண்டைப் பின்னுக்கு இழுத்து மணிக்கட்டைச் சுழற்றினால் அலகு தானே வெளியே வந்து நிற்கிறது. மிக வசதியாகத் தெரிந்தது. பூட்டைப் பற்றி யாராவது விளக்குவீர்களா?

வரம்பு எழுதியது:

அந்த வசதியிலேயே ஒரு சட்டச் சிக்கல் இருப்பதால் குறுக்கிடுகிறேன். கனடாவின் குற்றவியல் சட்டத்தொகுப்பின் 84ஆம் பிரிவு, புவியீர்ப்பாலோ சுழற்றும் விசையாலோ தானாகத் திறக்கும் அலகையும், பிடியிலுள்ள பொத்தானையோ வில்லையோ அழுத்தினால் திறக்கும் அலகையும் தடைசெய்யப்பட்ட ஆயுதமாக வரையறுக்கிறது. மணிக்கட்டை உதறினால் திறக்கும் கத்தி இந்த வரையறைக்குள் இழுக்கப்படலாம். எல்லைச் சேவையினர் இறக்குமதியாகும் மடக்குக்கத்திகளை உதறிப் பார்த்துப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால் இதை முதலில் கருத்தில் கொள்ளுங்கள். கூட்டாட்சிச் சட்டத்தில் மடக்குக்கத்தியின் அலகு நீளத்துக்கு வரம்பு எதுவும் இல்லை. ஆனால் எந்தக் கத்தியையும் தீய நோக்கத்துக்காக வைத்திருப்பது குற்றம். நீதிமன்றம், பள்ளிக்கூடம், விமான நிலையம் ஆகிய இடங்களுக்குப் போகும்போது வேலைக் கத்தியை வாகனத்தின் கருவிப் பெட்டியிலேயே விட்டுச் செல்லுங்கள்.

பிரித்தானியாவில் உறவினரைப் பார்க்கப் போனால் அங்கே விதி இன்னும் இறுக்கமானது. அலகின் வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு உட்பட்டதாகவும் பூட்டு இல்லாததாகவும் இருந்தால்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம்; பூட்டு உள்ள மடக்குக்கத்திக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

காட்டுவழி எழுதியது:

பூட்டைப் பற்றி. பேக் லாக் என்பது பிடியின் முதுகில் ஓடும் ஒரு நெம்புகோல். அதன் கொக்கி அலகின் அடிப்பாகத்தில் உள்ள பள்ளத்தில் விழுந்து இறுகும். அதை இயக்கும் வில்லே அலகை மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிப்பதால், உதறினால் திறக்கும் வாய்ப்பு குறைவு. வரம்பு சொன்ன காரணத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த நாட்டில் இது ஒரு பெரிய நன்மை. மூடும்போது விரல் அலகின் பாதையில் வருவதும் இல்லை.

லைனர் லாக்கிலும் பிரேம் லாக்கிலும் அலகைத் தாங்கி நிற்கும் பிடியிலுள்ள தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கி மூட வேண்டும்; அந்தக் கட்டைவிரல் அலகு இறங்கும் வழியிலேயே நிற்கிறது. வேலையிடத்தில் பழகிய கைக்கு இது பொருட்டன்று. கொழுப்புப் படிந்த குளிர்ந்த கைக்கு இது ஆபத்து.

பேக் லாக்கின் குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளம் அழுக்குச் சேரும் இடம். மானின் கொழுப்பு உடற்சூட்டில் எண்ணெய்போல் உள்ளே வழிந்து, குளிரில் மெழுகுபோல் உறைந்துவிடும். அதன்மேல் கொக்கி பாதி மட்டுமே இறங்கும். பார்வைக்குப் பூட்டியதுபோல் இருக்கும், அழுத்தினால் வழுவும். உங்கள் விரலில் மடங்கிய கத்தியிலும் பிளாஸ்ரர் தூசியோ கேபிள் உறைத் துணுக்கோ இப்படி அடைத்திருக்கக்கூடும். ஆகவே பேக் லாக் கத்தியைத் திறந்த பிறகு முதுகுப்பக்கம் நெம்புகோல் பிடியோடு சமமாக இறங்கிவிட்டதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். பூட்டை நம்பி அலகின் முதுகில் தட்டுவதோ நெம்புவதோ கூடாது.

இடுப்பெலும்பைப் பிளக்க ஒரு சிறு மடக்கு இரம்பம் கொண்டுபோங்கள். மூட்டுகளில் எலும்பை வெட்டத் தேவையே இல்லை. நுனியால் குருத்தெலும்பைத் தேடிச் சென்றால் கால் தானே கழன்று வரும்.

அச்சுப்பட்டறை எழுதியது:

பூட்டு விஷயத்தில் முழு உடன்பாடு. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அறுக்கும் பழக்கமே பாதி உருக்குக்குச் சமம் என்றீர்கள். ஒரு மானுக்கு அது உண்மை. ஆனால் மூன்று பேர் குழுவில் இரண்டு மான் விழுந்து, தோலுரிப்பதும் அதே கத்தியால் என்றானால், 420எச்சி நடுவில் ஒருமுறையாவது கல்லைக் கேட்கும்.

காட்டுவழி எழுதியது:

கேட்கும், கொடுப்பேன். என் பையில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்று எப்போதும் இருக்கிறது. இருபது இழுப்பில் வாய் மீண்டுவிடும். கடினமான எஃகு காட்டில் மழுங்கிவிட்டால் அங்கே அதை மீட்பது எளிதன்று. இதில் யார் சரி என்பதைவிட, தம்பிக்குத் தீட்டத் தெரியுமா என்பதே முக்கியம். தெரியாதென்றால் செப்ரெம்பரிலேயே பழைய சமையல் கத்தியில் பழகத் தொடங்குங்கள்.

அச்சுப்பட்டறை எழுதியது:

அதை ஏற்கிறேன். தீட்டும்போது அலகுக்கும் கல்லுக்கும் இடையிலான கோணம், வேலைக்கு என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 பாகை, இறைச்சிக்கு மட்டும் என்றால் 15 பாகை வரை இறக்கலாம். இரண்டுக்கும் ஒரே கத்தி என்பதால் 17, 18 பாகையில் நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் வேண்டிக்கேட்கிறேன்: கண்ணாடிநார்க் காப்புப்பஞ்சையும் ஜிப்சம் பலகையையும் தயவுசெய்து இந்தக் கத்தியால் வெட்டாதீர்கள். கண்ணாடி நார் எந்த எஃகின் வாயையும் நிமிடங்களில் தின்றுவிடும். அட்டைப்பெட்டிகூட மென்மையாகத் தெரிந்தாலும் அதிலுள்ள கனிமத் துகள்களால் வாயைத் தேய்ப்பதுதான். அவற்றுக்கு மாற்று அலகு போடும் சாதாரண வெட்டுக்கத்தியை இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கத்தி வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தைக் குலைக்கிறேன் என்று தெரியும். ஆனால் அப்பு தன் கத்தியால் கண்ணாடிநார்ப் பஞ்சு வெட்டியிருக்க மாட்டார்.

பசுங்குடில் எழுதியது:

வேலையிடத்தில் பூட்டுள்ள மடக்குக்கத்திக்கே அனுமதி உண்டா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள் தம்பி. கைவிட்டதும் அலகு தானே உள்ளே போகும் வெட்டுக்கத்திகளை மட்டும் அனுமதிக்கும் இடங்கள் பெருகிவருகின்றன.

மின்வழி எழுதியது:

கேட்டேன், மடக்குக்கத்திக்குத் தடையில்லை என்றார்கள். நேற்றுக் கடைக்குப் போய்க் கையுறையோடு ஆறு கத்திகளைத் திறந்து பார்த்தேன். பக் 110இன் உறுதி மனத்தைக் கவர்ந்தது. ஆனால் திறக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. கடைசியில் ஸ்பைடர்கோ எண்டியூராவை எடுத்திருக்கிறேன். விஜி-10 அலகு, பேக் லாக், அலகிலுள்ள வட்டத் துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் கையுறையோடும் திறக்கிறது. எடை ஏறத்தாழ 100 கிராம். பலமுறை உதறிப் பார்த்தேன், அலகு அசையவில்லை. மீதிப் பணத்தில் ஒரு கல்லும் வாங்கினேன். இலைச்சருகில் விழுந்தால் கண்ணில் படுவதற்காகப் பிடியின் துளையில் செம்மஞ்சள் நாடா கட்டியிருக்கிறேன்.

மின்வழி எழுதியது (நவம்பர்):

திரும்பி வந்துவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் நண்பர் ஒரு கிடாய் மானை வீழ்த்தினார். குடலை அகற்றும் வேலையை எனக்குத் தந்தார்கள். காட்டுவழி அண்ணை எழுதியபடியே இரு விரல்களுக்கு நடுவே வாயை மேல்நோக்கி வைத்து அறுத்தேன். கை நடுங்கியது, ஆனால் இரைப்பையைத் தொடாமல் இடுப்பு வரை போய்ச் சேர்ந்தேன். மார்புக்கூட்டுக்குள் கையை விட்டபோதுதான் ஏன் சிறிய அலகு போதும் என்றீர்கள் என்று விளங்கியது. உள்ளிருந்து வெளிநோக்கி அறுத்ததால் மாலையில் தோலுரித்து முடித்த பின்னும் கத்தி காகிதத்தை வெட்டியது.

இப்போது ஒரு கேள்வி. வெந்நீரில் கழுவித் துடைத்தும் பூட்டின் பள்ளத்தில் ஏதோ பசைபோல் இருக்கிறது. நெம்புகோல் மயிரளவு உயர்ந்தே நிற்கிறது. கத்தியைக் கழற்ற வேண்டுமா?

அச்சுப்பட்டறை எழுதியது:

வேண்டாம். கத்தியைத் திறந்த நிலையில், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சூடான நீரில் பத்து நிமிடம் வைத்து, பழைய பற்தூரிகையால் அந்தப் பள்ளத்தைத் தேயுங்கள். நீருக்குள் வைத்தே பலமுறை திறந்து மூடினால் அச்சாணியைச் சுற்றியுள்ள கொழுப்பும் வெளியேறும். மிஞ்சியதை ஒரு பற்குச்சியால் வழித்தெடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு அச்சாணியில் ஒரு துளி, பள்ளத்தில் ஒரு துளி என்று உணவுத் தரமுள்ள கனிம எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் அதுவே பிசினாகும். பிறகு நெம்புகோல் சமமாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

மின்வழி எழுதியது:

சமமாக இறங்கிவிட்டது. பள்ளத்திலிருந்து வெளியே வந்தது ஒரு நெல்மணி அளவு கொழுப்புத்தான்.